மகளின் கல்லூரிக் கட்டணம் கையில் இருக்கிறது, தோழி 80,000 கேட்கிறாள். கொடுக்கலாமா?

தண்டையார்பேட்டை தையல் | மே 6, இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. வீட்டுக்காரரிடம் பேசினேன், அக்காவிடம் பேசினேன், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வீட்டிலேயே தைக்கிறேன். எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கிறவர்கள் நேராக என்னிடம் வந்து பிளவுஸ் கொடுப்பார்கள், ஃபால்ஸ், ஓரம் அடிக்கிற வேலையும் உண்டு. வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் இரவுக் காவல். பெண் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் முடிக்கப் போகிறாள். மூன்றாம் வருடக் கட்டணம் 85,000 ரூபாயை ஜூலை 5க்குள் கட்ட வேண்டும். இதற்காகவே மாதம் 5,000 வீதம் 20 மாதம் சீட்டு கட்டினேன். நடுவில் எத்தனையோ அவசரம் வந்தும் எடுக்காமல் கடைசிச் சீட்டாக எடுத்தேன். கமிஷன் போக 95,000 வந்தது. தையலில் சேர்ந்தது ஒரு 14,000. ஆக, 1,09,000 ரூபாய் பேங்கில் இருக்கிறது.

என் தோழி காசிமேட்டில் இருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கம். அவள் வீட்டுக்காரரும் கொழுந்தனார்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய விசைப்படகு வைத்திருக்கிறார்கள். இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு போகக் கூடாது. எல்லாரும் இந்த நேரத்தில்தான் படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள். இவர்கள் படகில் பலகை உளுத்துப்போய் விட்டதாம், இன்ஜினையும் பிரித்துப் போட்டிருக்கிறார்களாம். அவள் வீட்டுப் பங்குக்கு 80,000 வேண்டும் என்கிறாள். அரசு தடைக்கால நிவாரணமாகக் கொடுக்கிற 8,000 சாப்பாட்டுக்கே சரி.

திங்கட்கிழமை மத்தியானம் வந்தாள். மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு என் ஹூக் டப்பாவைத் திறந்தாள். ஹூக்கைத் தனியாக, கண்ணியைத் தனியாகப் பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டே இருந்தாள். ஒருமணி நேரம் அக்கம்பக்கத்துக் கதை. டப்பா முழுக்கப் பிரித்து முடித்த பிறகுதான், என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு எண்பது இருந்தா குடேன், ஆடி பொறக்கறதுக்குள்ள குடுத்துடறேன்" என்றாள். சீட்டு எடுத்த விஷயம் அவளுக்குத் தெரியும். அது எதற்கு என்பதும் தெரியும். தெரிந்தும் கேட்டாள் என்றால் எவ்வளவு நெருக்கடி இருக்க வேண்டும் என்று எனக்கு அடிவயிறு கலங்கியது.

2018இல் வீட்டுக்காரர் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 11 நாள் இருந்தார். அந்த 11 நாளும் இவள்தான் சாப்பாடு கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் பணம் இல்லாமல் நான் வராந்தாவில் நின்றபோது 12,000 ரூபாயைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். எங்கே கிடைத்தது என்று நான் கேட்கக்கூட இல்லை. மறுநாள் தூக்குவாளியோடு வந்தபோதுதான் பார்த்தேன், ரெண்டு காதிலும் கம்மல் இல்லை, ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்கத் துடைப்பக் குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள். அந்தப் பணத்தை நான் திருப்பிக் கொடுக்க ஒன்பது மாதம் ஆனது. ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

வீட்டுக்காரர், "கொடுத்துவிடு, கட்டணத்துக்கு எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். அக்கா, "பெண் படிப்பை வைத்து நட்பு கொண்டாடாதே" என்கிறாள். ரெண்டும் சரியாகத்தான் படுகிறது. பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மாதிரி நிலையில் இருந்தவர்கள், கொடுத்தவர்களோ வாங்கினவர்களோ, என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

---

பெரம்பூர் வாசி | மே 6, இரவு 11.52

கொடுக்காதீர்கள். பெட்டிக்கடையில் எழுதி மாட்டியிருப்பார்களே, கடன் அன்பை முறிக்கும் என்று. அனுபவித்தவன்தான் எழுதியிருப்பான். சீட்டுப் பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

---

தண்டையார்பேட்டை தையல் | மே 7, காலை 6.10

அண்ணா, அவளிடம் பொய் சொல்ல என்னால் முடியாது. இல்லை என்று சொல்வதாக இருந்தாலும் காரணத்தோடுதான் சொல்வேன்.

---

காசிமேட்டுப் பிள்ளை | மே 7, காலை 7.35

அக்கா, நான் படகில் வளர்ந்தவன். அப்பா 30 வருடம் விசைப்படகில் டிரைவர். இப்போது நான் கம்பெனி வேலைக்குப் போனாலும் வீடு இன்னும் வார்ஃப் பக்கம்தான். அதனால் கணக்கு தெரியும், சொல்கிறேன்.

உங்கள் தோழி பொய் சொல்லவில்லை. மரப்படகில் பலகை போனால் மாற்றியே ஆக வேண்டும். ஒரு பலகையைக் கழற்றினால் பக்கத்துப் பலகையும் போயிருக்கும். இன்ஜினைப் பிரித்துவிட்டார்கள் என்றால் செலவு அவர்கள் கையில் இல்லை. மூன்று பங்குக்காரர்களில் ஒருவர் பணம் போடவில்லை என்றால் மற்ற ரெண்டு பேரிடமும் அவருக்கு மரியாதை போய்விடும். அண்ணன் தம்பிக்குள் அது பெரிய புண்.

ஆனால் பணம் எப்போது கைக்கு வரும் என்பதுதான் விஷயம். ஜூன் 14 ராத்திரியோடு தடை முடிகிறது. படகு கிளம்பினால் தங்கல் தொழிலாகப் பத்து நாள் வரை கடலில் இருக்கும். அப்படியானால் முதல் மீன் கரைக்கு வருவது ஜூன் கடைசி வாரம். அப்போது எல்லாப் படகும் சேர்ந்து மீன் இறக்குவதால் ஏலத்தில் விலை இறங்கும். வருகிற பணத்தில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கழியும். மிச்சத்தில் ஆட்களுக்குப் பங்கு, படகுக்குப் பங்கு. படகுப் பங்கு மூன்று வீட்டுக்குப் பிரிய வேண்டும். முதல் ரெண்டு தங்கலில் 80,000 ஒரு வீட்டுக்கு மிஞ்சுவது ரொம்ப அபூர்வம்.

இன்னொரு விஷயத்தை அவசியம் கேளுங்கள். ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்களா? எங்கள் பக்கம் நிறையப் படகுக்காரர்கள் வாங்குவார்கள். வாங்கினால் மீனை அவர் வழியாகத்தான் விற்க வேண்டும், ஏலப் பணத்தில் அவர் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பார். அவர் பிடிப்பதற்கு முன்னால் உங்கள் தோழி கைக்கு ஒரு ரூபாயும் வராது. தோழியின் மனதில் ஆடிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று நிஜமாகவே இருக்கும். ஆனால் பணம் அவரைத் தாண்டிப் போகிறது.

---

கவுன்டர் நம்பர் 4 | மே 7, மதியம் 1.15

அம்மா, பாரிமுனைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் நகைக் கடன் கவுன்டர். உங்களைப் போல ரெண்டு பக்கமும் மனதுள்ளவர்களைத்தான் அந்த ஜன்னலில் அதிகம் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

முதலில் தேதியைப் பாருங்கள். உங்களுக்குக் கடைசி நாள் ஜூலை 5. அவர் சொன்னது ஆடி பிறப்பதற்குள். ஆடி பிறப்பது ஜூலை 17 வாக்கில். அவர் சொன்ன சொல்லை ஒரு நாள் பிசகாமல் காப்பாற்றினாலும் உங்கள் கட்டணத்துக்குப் பன்னிரண்டு நாள் தாமதம். அவர் நல்லவரா, நம்பலாமா என்று ரெண்டு நாளாக உங்களை நீங்களே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு அவசியமே இல்லை. கட்டணப் பணம் 85,000 கடன் கொடுக்கக்கூடிய பணம் கிடையாது, அவ்வளவுதான். மீதி 24,000ஐ வைத்து யோசியுங்கள்.

ரெண்டாவது, 80,000 முழுவதும் படகுக்குத்தானா என்று கேளுங்கள். தடைக்காலத்தில் வருமானம் நின்றிருக்கும்போது தண்டல் ஓடிக்கொண்டிருக்கலாம். 10,000 தண்டல் என்றால் கையில் 8,500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். பார்க்க 1,500தான். ஆனால் தினமும் அசல் குறைந்துகொண்டே வருகிறது, சராசரியாகக் கடன் வாங்கினவர் கையில் இருந்தது பாதிப் பணம்தான். கணக்குப் போட்டால் மாதம் பத்து வட்டிக்கு மேல் வருகிறது. ஆனாலும் ஒன்று. வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டதால், பாக்கியை முன்கூட்டி அடைத்தாலும் ஒரு ரூபாய் மிச்சமாகாது, தண்டல்காரரே பார்த்துத் தள்ளுபடி தந்தால்தான் உண்டு. அதனால் உங்கள் பணம் தண்டலை அடைக்கப் போகக் கூடாது.

மூன்றாவது, எவ்வளவு கொடுத்தாலும் வங்கி வழியாகக் கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. திருப்பிக் கொடுப்பதற்கும் அதே மாதிரி வரம்பு உண்டு. அப்புறம் ஒரு புரோநோட்டு. தோழியிடம் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி, தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, கேட்கும்போது தருகிறேன் என்று எழுதி, ஸ்டாம்ப்பின் மேல் படுகிற மாதிரி கையெழுத்து. சாட்சி கட்டாயமில்லை. தேதியிலிருந்து மூன்று வருடம் செல்லும். வெற்றுப் புரோநோட்டிலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்து வாங்காதீர்கள். அது கந்துவட்டிக்காரர்கள் செய்கிற வேலை.

---

மின்ட் ஆட்டோ | மே 7, இரவு 10.40

நான் வாங்கினவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

2020 ஊரடங்கில் ஆட்டோ ஓடவில்லை. டியூ கட்டவும் வாடகைக்கும் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிற என் நண்பனிடம் 30,000 வாங்கினேன். ரெண்டு மாதத்தில் தருகிறேன் என்று சொன்னேன். நானே அதை நம்பித்தான் சொன்னேன். ரெண்டு மாதம் ஆனது, ஆறு மாதம் ஆனது. மொத்தமாக 30,000 சேர்ந்தால்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியும் என்று மனதில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. அவன் தெரு வழியாகச் சவாரி வந்தால் வேண்டாம் என்று விட்டுவிடுவேன். கல்மண்டபத்துக்கு நேராகப் போக வேண்டியவன் சுற்றிக்கொண்டு போவேன், பெட்ரோல் என் கைக்காசு. அவன் பையனுக்குக் காது குத்து வைத்தார்கள், பத்திரிகை வந்தது, நான் போகவில்லை. அந்தப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் கோயிலுக்குப் போனவன் நான்.

ஒரு நாள் அவன் மனைவி என் வீட்டுக்கே வந்தது. திட்டத்தான் வந்திருக்கிறது என்று உள்ளே ஒளிந்துகொண்டேன். என் மனைவியிடம் ஒரே கேள்விதான் கேட்டது. "வாரத்துக்கு எவ்வளவு முடியும்?" ஐநூறு என்றாள். சரி என்று ஒரு சின்ன நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனது. அறுபது வாரம். ஒவ்வொரு ஞாயிறும் நான் நேரில் போய் 500 கொடுப்பேன், அவன் டீ போடச் சொல்வான். பத்தாவது வாரத்திலேயே நாங்கள் பழையபடி ஆகிவிட்டோம். மிச்சம் 25,000 பாக்கி இருந்தபோதே.

அதனால் அக்கா, மொத்தமாக ஆடிக்குள் என்று வாங்காதீர்கள். அவர்களால் தாங்கக்கூடிய அளவுக்குச் சின்னச் சின்னதாகப் பிரித்து முதல் நாளே பேசிவிடுங்கள். உங்கள் தோழி உங்களைப் பார்க்காமல் சுற்றிப் போகிற நிலைமை வரவே கூடாது.

---

வியாசர்பாடி அம்மா | மே 8, காலை 9.05

அந்தத் துடைப்பக் குச்சியைப் படித்துவிட்டுக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் பெண்ணின் கட்டணத்தைத் தொடாதே கண்ணு. என் பெரிய பெண் இரண்டாம் வருடத்தில் ஒரு தவணை தவறியதால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் தரவில்லை. வாசலில் நின்று அழுதாள். பணம் அப்புறம் வந்தது, அந்த நாள் வரவில்லை. உன் பெண்ணிடமும் விஷயத்தைச் சொல். அவளுக்குத் தெரியாமல் அவள் பணத்தைப் பற்றி முடிவெடுக்காதே.

---

தண்டையார்பேட்டை தையல் | மே 14, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரமாக எழுத முடியவில்லை. என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும் இல்லையா.

பெண்ணிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்தை காதுல குச்சி போட்டிருந்தது எனக்கும் ஞாபகம் இருக்கும்மா" என்றாள். அப்போது அவளுக்குச் சின்ன வயது. இவ்வளவு நாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே காசிமேட்டுக்குப் போனேன். அவள் வரட்டும் என்று காத்திருந்தால் அவள் மறுபடியும் கேட்க வேண்டியிருக்கும், அந்தக் கஷ்டம் வேண்டாம் என்று தோன்றியது. கட்டணம் ஜூலை 5 என்று முதலில் சொன்னேன். நாளைச் சொன்னதுமே அவள் விரல்விட்டு எண்ணினாள். "ஐயோ, நான் ஆடின்னு சொன்னேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

அப்புறம் ஏலக்காரரைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. முன்பணம் ஒன்றரை லட்சம் வாங்கியிருக்கிறார்கள். தண்டலும் இருக்கிறது, 50,000 எடுத்ததில் இன்னும் அறுபது நாள், நாளுக்கு 500 வீதம் 30,000 பாக்கி. ஆக, படகுக்கு உண்மையாக வேண்டியது 50,000தான். தண்டலைச் சொல்ல வெட்கப்பட்டுச் சேர்த்துக் கேட்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. 2018இல் நானும் அவளிடம் பாதியைத்தான் சொன்னேன். தண்டல்காரரிடம் தடை முடிகிறவரை நாளுக்கு 200 என்று அவள் கொழுந்தனார் பேசியிருக்கிறார், பேச்சு முடிந்தது, ஒத்துக்கொண்டார்.

என்னுடைய 24,000இல் 20,000 அவள் கணக்குக்கு அனுப்பினேன். மீதி 30,000க்கு என் தாலிச் செயினை, ஒன்றரைப் பவுன், பேங்கில் வைத்தேன். கவுன்டர் நம்பர் 4 ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், யோசித்துத்தான் செய்தேன். கடன் என் பேரில்தான் இருக்கிறது, அவள் கட்டத் தவறினால் நகையை மீட்க வேண்டியது நான்தான் என்பது தெரியும். வட்டியும் அசலும் அவள் கட்டுவதாகப் பேச்சு. மோசமாகப் போனாலும் என் தையலில் ஒரு வருடத்துக்குள் மீட்டுவிட முடியும் என்கிற அளவுக்குத்தான் வைத்தேன். கட்டணப் பணம் 85,000 அப்படியே இருக்கிறது.

பேங்கில் செயினைக் கழற்றும்போது அவள் பக்கத்தில் நின்றாள். வெளியே வந்ததும் என்னை நிற்கச் சொல்லிவிட்டு, எதிரே இருந்த பூஜைச் சாமான் கடையில் மஞ்சள் கயிறு வாங்கிவந்தாள். அங்கேயே படிக்கட்டில் உட்காரவைத்து, தாலியைக் கோர்த்து, முடிச்சை ரெண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். ரெண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

புரோநோட்டுக்கு நான் ஸ்டாம்ப் வாங்க மறந்துவிட்டேன். அவள் பர்ஸிலிருந்து ரெண்டு எடுத்தாள், ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று. மின்ட் ஆட்டோ அண்ணன் சொன்னபடி ஒரு நோட்டும் போட்டாகிவிட்டது. ஜூலை முதல் ஞாயிற்றிலிருந்து வாரம் 1,000. மீன் நன்றாகக் கிடைத்த வாரம் அதிகம் கொடுப்பாளாம், படகு போகாத வாரம் இல்லை.

ஐயா, ஒரு சந்தேகம். அவள் கொடுக்கிற ஆயிரத்தை நோட்டில் நான் வரவு எழுதிக்கொண்டால் போதுமா?

---

கவுன்டர் நம்பர் 4 | மே 15, காலை 8.20

கோபமில்லை அம்மா. செயின் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஒரு வருடத் தவணை முடிகிற தேதியைக் காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள்.

நீங்கள் எழுதிக்கொண்டால் அது உங்கள் ஞாபகத்துக்கு மட்டும்தான். கட்டியவர் கையால் எழுதியதாகவோ, அவர் கையெழுத்தோடோ இருந்தால்தான் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம் கணக்காகும். அதனால் புரோநோட்டின் பின்பக்கத்தில் சில மாதத்துக்கு ஒருமுறையாவது அவரையே எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வாராவாரம் நோட்டிலும் அவரே எழுதட்டும்.

---

தண்டையார்பேட்டை தையல் | மே 15, காலை 8.47

சரிங்க ஐயா. அவள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும், எட்டாம் வகுப்பு வரை என் வீட்டுப் பாடத்தையும் அவள்தான் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை படகுக்குப் பெயின்ட் அடிக்கிறார்களாம், பெண்ணோடு போகிறேன்.